கையெழுத்துப் போட்ட கோச்சும் கோடு போட்ட கோச்சும்

"ஹலோ... ஆமா மாஸ்டர், ஷல்வினாதான்... கேக்குது, நல்லாவே கேக்குது... இருங்க, கட்டுரையப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல அந்தப் பலகையில எங்க அப்பா பேரப் போடச் சொல்லுங்க... சிவன். ஆமா, சிவன்தான். கோச் சிவன்."

சொல்லிவிட்டாள். இதை மட்டும் அந்த மனுஷனிடம் கேட்காதே என்று அவள் அப்பா போன வாரத்தில் மட்டும் மூன்று தடவை சொல்லியிருந்தார். ஒரு தடவை கெஞ்சலாக, ஒரு தடவை அதட்டலாக, மூன்றாம் தடவை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு. கேட்க மாட்டேன் என்று அவளும் தலையாட்டித்தான் இருந்தாள். ஆனால் ஃபோனைக் காதில் வைத்ததும் முதலில் வாய்க்கு வந்தது அதுதான்.

வான்கூவரிலிருந்து பேசியவர் ஹ்யூபர்ட் மாஸ்டர். இந்தத் தீவின் பா ஊரில், வேலவன் காலேஜ் என்ற உயர்நிலைப் பள்ளிக்குக் கால்பந்து அணி என்று ஒன்று வந்ததே அவரால்தான். பழைய பூகோள மாஸ்டர், முதல் கோச். இப்போது மைதானத்தின் மேற்குப் பக்கம் இருநூறு பேர் உட்காரும்படி கேலரி கட்டிக் கொடுத்திருக்கிறார். வருகிற சனிக்கிழமை அவரே வந்து திறக்கப்போகிறார். கேலரி நெற்றியில் ஒரு பலகை: எந்த வருஷம் யார் கோச், யார் காலத்தில் எத்தனை கப். அதோடு விழா மலர் ஒன்றும் உண்டு. மலரில் 'நம் மூன்று கோச்சுகள்' என்ற கட்டுரையை எழுதும் வேலை சரித்திர டீச்சர் ஷல்வினாவிடம் வந்தது. இருபத்துமூன்று வயது. கரும்புக்காட்டு வீட்டிலிருந்து தலைநகர் சுவாவுக்குப் போய்ப் பட்டம் வாங்கி வந்த முதல் ஆள். எழுதிக் கொடுத்தாள். கமிட்டி செயலாளர் தேவேந்திரா அதை ஃபேக்ஸில் வான்கூவருக்குத் தட்டிவிட்டார். திருத்தம் சொல்லத்தான் மாஸ்டர் இன்று அழைத்திருக்கிறார்.

"இல்ல மாஸ்டர், இங்கிலீஷ் வேணாம். தமிழ்லயே பேசுவோம்... எனக்குத் தெரிஞ்சது எங்க அப்பா தீமிதிக்குப் பாடுற தமிழ்தான். இதுக்கு அது போதும். இங்கிலீஷ்ல நழுவிப் போறதுக்கு உங்களுக்கு நிறையச் சந்து தெரியும்."

அலுவலக அறையில் டைப் அடிக்கும் மோகினி இருந்தாள். வாசற்படியில் தேவேந்திரா ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டு நின்றார். இருவருக்கும் வீட்டில் ஹிந்திதான். தமிழ் என்றால் கோயிலில் காதில் விழுவதோடு சரி. பேச்சு புரியாவிட்டாலும் குரல் புரிகிறதல்லவா. மோகினியின் விரல்கள் மெஷின் மேலேயே நின்றுவிட்டன.

"சரி, நீங்களே கேட்டீங்க, சொல்றேன். உங்களப் பத்தி ஒரு வரிகூடக் கொறச்சு எழுதல. எழுபத்தொம்பதுல பந்தே இல்லாத இடத்துல டீம் கட்டினீங்க. எண்பத்திரெண்டு, எண்பத்திநாலு, எண்பத்தஞ்சு. மூணு கப்... ஆமா ஆமா, ஷூ வாங்க வக்கில்லாத பசங்களுக்கு ஷூ வாங்கிப் போட்டீங்க, அதையும் எழுதியிருக்கேன். மூணாவது பத்தி, பாருங்க... நல்ல கோச்சுதான். யாரு இல்லன்னா?"

அதில் அவளுக்குக் கள்ளம் இல்லை. ஹ்யூபர்ட் மாஸ்டர் விசிலை வாயில் வைத்தால் மைதானத்துப் புல்லும் நிமிர்ந்து நிற்கும் என்று அவள் அப்பாவே சொல்லிக் கேட்டு வளர்ந்தவள். மூன்றாவது கோச் ரவீந்திரா மாஸ்டரைப் பற்றியும் நியாயமாகவே எழுதியிருந்தாள். ஆஸ்திரேலியாவில் கோச்சிங் சர்டிபிகேட் வாங்கி வந்தவர் அவர். ஆரஞ்சு நிறக் கூம்புகளையும் வெள்ளைப் பலகையையும் கொண்டுவந்தார். இரண்டு வருஷத்தில் ஒரு செமிஃபைனல். போன வருஷம் மே மாதம் பாராளுமன்றத்துக்குள் துப்பாக்கி நுழைந்ததும் ஆகஸ்டில் ஆக்லாந்துக்குப் பறந்துவிட்டார். கூம்புகள் இன்னும் ஸ்டோர் ரூமில் இருக்கின்றன.

சண்டை இந்த இரண்டு பேருக்கும் நடுவில் கிடக்கும் பத்து வருஷத்தைப் பற்றியது. அவள் கட்டுரையில் அந்த வருஷங்களில் சிவன் என்று ஒருவர் இருந்தார். பலகையில் இல்லை.

"அதத்தான் சொல்றேன். பலகையோட நகல் என் கையிலயே இருக்கு, படிக்கிறேன். ஹ்யூபர்ட், எழுபத்தொம்பதுலேருந்து தொண்ணூத்திரெண்டு வரைக்கும். கப் அஞ்சு. அதுக்குக் கீழ தொண்ணூத்திமூணுலேருந்து தொண்ணூத்தேழு, 'பொறுப்பு ஆசிரியர்கள்'. அதுக்குக் கீழ ரவீந்திரா. அவ்வளவுதான்... மாஸ்டர், நீங்க இந்த ஊர விட்டுப் போனது எந்த வருஷம்?"

ஆபீஸ் ஃபோனின் சுருள் வயரை விரலில் சுற்றிக்கொண்டு காத்திருந்தாள்.

"இல்ல, சொல்லுங்க. எந்த வருஷம்... உங்களுக்கு ஞாபகம் இல்லன்னா நான் சொல்றேன். எண்பத்தேழு அக்டோபர். ரெண்டாவது தடவ பட்டாளம் ஆட்சியப் பிடிச்ச அடுத்த வாரம். தொண்ணூறுல கப் வாங்கினப்ப நீங்க எங்க இருந்தீங்க? நீங்க அனுப்பின போட்டோ இதோ இந்தச் செவுத்துலயே மாட்டியிருக்கு. மண்வெட்டியால பனிய அள்ளிக்கிட்டு நிக்கிறீங்க. கீழ உங்க எழுத்துலயே தேதி போட்டிருக்கு. பனியில நின்னுக்கிட்டு இங்க எப்படி கோச் பண்ணீங்க?"

மறுமுனை கனைத்தது. பின்னால் எங்கோ ஒரு டிவி ஓடுவதும் அதை யாரோ குறைப்பதும் கேட்டது. பிறகு நீளமாக ஏதோ வந்தது. ஷல்வினா கேட்டாள். அவளுக்குப் பொறுமையாகக் கேட்கும் பழக்கம் கிடையாது. அன்று கேட்டாள். கேட்கக் கேட்க அவள் கழுத்து நரம்பு புடைத்ததை மோகினி பார்த்தாள்.

"ரெக்கார்டு... ஆமா... ரெக்கார்டுல உங்க கையெழுத்துதான் இருக்கு. யாரு இல்லன்னது? எல்லாப் பாரத்துலயும் உங்க கையெழுத்துதான். அது எப்படி வந்துச்சுன்னு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவளே சொன்னாள். நிறுத்தாமல் சொன்னாள். சொன்னதன் சாரம் இதுதான்.

போட்டிக்கு அணியைச் சேர்க்க ஒரு பாரம் உண்டு. பதினாறு ஆட்டக்காரர்களின் பெயரும் பிறந்த தேதியும் எழுதி, கீழே காலேஜ் ஆசிரியர் ஒருவர் கோச் என்று கையெழுத்திட வேண்டும். ஆசிரியர் அல்லாதவர் போட்டால் செல்லாது. எண்பத்தேழு அக்டோபரில் ஹ்யூபர்ட் மாஸ்டர் பெட்டி கட்டியபோது, லீவில் போகிறேன், மூன்று மாதத்தில் வந்துவிடுவேன் என்றுதான் எல்லாரிடமும் சொன்னார். தான் இல்லாதபோது அணி நின்றுவிடக் கூடாது என்று ஒரு வேலை செய்தார். ஒன்றும் எழுதாத பத்துப் பாரத்தில் அடியில் மட்டும் கையெழுத்துப் போட்டு, மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடும் சிவனிடம் கொடுத்தார். சிவன் பத்து ஏக்கர் குத்தகைக் கரும்புக்காரர். காலையில் காடு, மதியத்துக்கு மேல் காலேஜ் மைதானம். நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ஆட்டத்தைக் கோட்டுக்கு வெளியே நின்று எட்டு வருஷம் பார்த்தவர்.

மூன்று மாதம் போனது. மாஸ்டர் வரவில்லை. பாதி ஆசிரியர்கள் கனடா, சிட்னி என்று கிளம்பிவிட்டார்கள். வந்த புது ஹெட்மாஸ்டருக்குப் பந்து உருண்டையா சதுரமா என்பதில் அக்கறை இல்லை. சிவன் விசிலை எடுத்தார். வருஷத்துக்கு இரண்டு போட்டி, இரண்டு பாரம். பத்துப் பாரம் ஐந்து வருஷம் வந்தது.

"உங்க கையெழுத்துக்கு மேல பதினாறு பேர் எழுதியிருக்கே, அது யார் எழுத்து தெரியுமா மாஸ்டர்? என்னுது. எனக்குப் பத்து வயசு. எங்க வீட்ல இங்கிலீஷ் எழுதத் தெரிஞ்ச ஆளு நான் ஒருத்திதான். அப்பா பசங்க பேர ஒண்ணொண்ணாச் சொல்லுவார், நான் எழுதுவேன். நீங்க வேணும்னா கமிட்டிய எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. முதப் பாரத்துல எஸ் எழுத்தத் திருப்பிப் போட்டிருப்பேன்."

மோகினி சிரித்தாளா என்று பார்க்க ஷல்வினா திரும்பவில்லை. மோகினிக்குப் புரியவும் இல்லை.

"என்ன சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க... ஃபோர்ஜரியா? கையெழுத்துப் போட்டது நீங்க. குடுத்தது நீங்க... அனுமதி இல்லாமயா? வந்துருவேன்னு சொல்லிட்டுப் போனவர்கிட்ட எங்க போய் அனுமதி கேக்குறது, ஏர்ப்போர்ட்லயா?... ஆமா. தெரியும். கப்பத் திருப்பி வாங்கிருவாங்க, தெரியும். பசங்க மெடலும் போகும், அதான் கட்டுரையில பாரத்தப் பத்தி ஒரு வார்த்தகூட எழுதல. அதுக்குத்தான் எங்க அப்பா இத்தன வருஷமா வாயத் தெறக்கல. நீங்க அதச் சொல்லிச் சொல்லியே அவர் வாயக் கட்டினீங்க."

இது ஊருக்குத் தெரியாத சங்கதி. தொண்ணூறிலும் தொண்ணூற்றொன்றிலும் கப் வந்தபோது சிவன் பெயர் பேப்பரில் வரவில்லை. வந்தால் பாரம் செல்லாது, கப் போய்விடும். அந்த இரண்டு அணியிலும் ஆடிய பையன்கள் இன்று கேரியர் என்ற வாடகை லாரி ஓட்டுகிறார்கள், சர்க்கரை மில்லில் நிற்கிறார்கள், சிலர் ஆக்லாந்தில் சுவருக்கு வண்ணம் பூசுகிறார்கள். எல்லார் வீட்டுக் கண்ணாடி அலமாரியிலும் அந்த மெடல் இருக்கிறது. அதைப் பிடுங்க வைப்பதா என்று சிவன் வாயை மூடிக்கொண்டார். பாரம் தீர்ந்த பிறகு வருஷத்துக்கு ஓர் ஆசிரியரின் கையைக் காலைப் பிடித்துக் கையெழுத்து வாங்கினார். அவர்கள்தான் பலகையில் 'பொறுப்பு ஆசிரியர்கள்'. அவர்களில் இரண்டு பேருக்கு ஆஃப்சைடு என்றால் என்ன என்று தெரியாது.

"அஞ்சு கப்புன்னு போட்டுக்கறீங்களே, மாஸ்டர். அந்த ரெண்டு கப்பு எப்படி வந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு? ஞாயித்துக்கிழம பந்து தொட்டா கேஸ்னு பட்டாளத்துக்காரன் சட்டம் போட்டிருந்தான். ஞாயித்துக்கிழம பஸ் ஓடக்கூடாது, கட தெறக்கக்கூடாது, வெளையாடக்கூடாது. பசங்களுக்கு இருக்கிறதே ஞாயித்துக்கிழமதான், மத்த நாள் கரும்பு வெட்டு. எங்க அப்பா என்ன பண்ணார்? நடுக்காட்டுல ஒரு துண்டு மட்டும் முன்னாடியே வெட்டிச் சாய்ச்சார். சுத்தி ஆள் ஒசரத்துக்குக் கரும்பு. அதுக்குள்ள ஆடினாங்க. விசில் ஊத முடியாது, சத்தம் ரோட்டுக்குப் போயிரும். கையத் தட்டக்கூட மாட்டார். தொடையத் தட்டுவார். ஒரு தட்டுன்னா பாஸ், ரெண்டு தட்டுன்னா பின்னால வா... இது தலானோவா அரட்டை இல்ல மாஸ்டர். தானோவாச் சட்டியச் சுத்தி உக்காந்து கிரோக் குடிச்சுக்கிட்டுச் சொல்ற கத இல்ல. அப்பாவ ரெண்டு நாள் போலீஸ் ஸ்டேஷன்ல உக்கார வச்சாங்க. நான்தான் ரொட்டி கொண்டு போனேன்."

ஹ்யூபர்ட் மாஸ்டரின் பசங்களைக் கூப்பிட்டு உங்கள் கோச் என்ன சொல்லிக் கொடுத்தார் என்று கேட்டால் ஒழுங்கு என்பார்கள், நேரம் என்பார்கள், தலைமுடியை வெட்டு என்பார்கள். ரவீந்திரா மாஸ்டரின் பசங்கள் நாலு நாலு இரண்டு என்று ஆள் நிறுத்தும் கணக்குச் சொல்வார்கள். சிவனின் பசங்களைக் கேட்டால் ஒன்றும் சொல்லத் தெரியாமல் சிரிப்பார்கள். ஆனால் மைதானத்தில் ஒருவன் பந்தோடு மாட்டிக்கொண்டால் பார்க்காமலே இன்னொருவன் வந்து நிற்பான். இதைத்தான் அவள் கட்டுரையில் எழுதியிருந்தாள். இந்தப் பத்தியின் மேல்தான் அடித்தல் கோடு விழுந்து வான்கூவரிலிருந்து ஃபேக்ஸில் திரும்பி வந்திருந்தது.

மறுமுனையில் குரல் தாழ்ந்தது. அது அவளுக்குப் புதிதாக இருந்தது. வயரைச் சுற்றுவதை நிறுத்தினாள்.

"ம்... ம்... இல்ல, தெரியாது. அது எனக்குத் தெரியாது... பட்டாளத்துக்காரங்க உங்க வீட்டுக்கேவா வந்தாங்க?... மேரியன் ஆன்ட்டி அப்ப... ம்."

மேரியன் ஆன்ட்டி மாஸ்டரின் மனைவி. ஒன்பது வயதில் தானும் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தது அவளுக்கு நினைவில் இருந்தது. ரோட்டில் பட்டாளத்தின் பச்சை லாரி போகும்போது அம்மா அவள் வாயைப் பொத்தியிருந்தாள்.

"பயந்தீங்க. அத நான் தப்புன்னே சொல்ல மாட்டேன் மாஸ்டர். எல்லாரும்தான் பயந்தோம். போனதும் தப்பில்ல. போயும் இங்கயேதான் இருந்தேன்னு பலகையில எழுதுறீங்களே, அதுதான் தப்பு. பயந்து ஓடின அஞ்சு வருஷத்த எங்க அப்பா முதுகுல ஏறிக் கடந்துட்டு, இப்ப எறங்காம உக்காந்திருக்கீங்க."

இந்த இடத்தில் மாஸ்டர் கோபப்பட்டிருக்க வேண்டும். ஷல்வினா ரிசீவரைக் காதிலிருந்து ஒரு விரல் தூரம் தள்ளிப் பிடித்தாள். தேவேந்திரா இரண்டாவது காலையும் உள்ளே வைத்தார். என்ன நடக்கிறது என்று ஹிந்தியில் கிசுகிசுத்தார். அவள் கையை மட்டும் காட்டி அவரை நிற்க வைத்தாள். பிறகு திடீரென்று அவள் குரல் சின்னதாகிவிட்டது.

"லெட்டரா... அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் இருந்தது. அதனால்தான் அப்பா கேட்காதே என்றார்.

சிவனின் பத்து ஏக்கர் குத்தகை போன வருஷத்தோடு முடிந்தது. நிலத்துக்குச் சொந்தக்காரர்களான மத்தங்காலி குலத்தின் பெரியவர்கள் மரியாதைக்காரர்கள்தான். உட்கார வைத்து, வேரை இடித்துக் கரைத்த கிரோக் ஊற்றி, நிலம் எங்களுக்கே வேண்டும், இந்தக் கிறிஸ்துமஸ் வரைக்கும் இருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு வீடு இல்லை. அக்கம்பக்கத்தில் பாதி வீடுகள் ஏற்கெனவே காலி. சுவருக்கு இருந்த தகரத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இந்த நிலையில் ஹ்யூபர்ட் மாஸ்டர் ஷல்வினாவுக்கு ஒரு வழி சொல்லியிருந்தார். வான்கூவரில் தன் உறவுக்காரரின் கம்பெனியில் வேலை என்று தானே கையெழுத்துப் போட்டு ஸ்பான்சர் லெட்டர் தருவதாக. அவள் முதலில் போவாள், பிறகு அப்பாவையும் அம்மா தாயம்மாவையும் அழைத்துக்கொள்வாள். அந்த லெட்டருக்காக வீடே ஏழு மாதமாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் சிவன் எழுந்து சட்டை போட்டுக்கொள்வார்.

அவளுக்குச் சுவாவை ஒட்டிய நசினுவில் ஒரு டீச்சர் வேலை வந்திருந்தது என்பது வேறு விஷயம். நியூசிலாந்துக்குப் போய்விட்ட டீச்சர் ஒருத்தியின் இடம். வருகிற திங்கட்கிழமையே வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். அவள் பதில் சொல்லவில்லை. நசினுவில் என்ன இருக்கிறது? மினிபஸ் புகையும், குத்தகை போனவர்கள் சேற்றில் அடுக்கி வைத்த தகர வீடுகளும். லெட்டர் வரும் என்று அப்பா சொன்னார். மாஸ்டர் சொன்னால் சொன்னதுதான் என்றார்.

"எப்ப அனுப்புவீங்க?... எழுதி வச்சிருக்கீங்களா... கையெழுத்து மட்டும் போடணுமா. ம்... சனிக்கிழமைக்கு அப்புறம்... சரி... நான் கட்டுரைய மாத்திக் குடுத்தா... ஆமா... ஆமா, எங்க அப்பாவும் சனிக்கிழம வருவார். கேட்டுக்கிட்டாங்க. மால போடறதுக்கு அவரத்தான் கூப்பிட்டிருக்காங்க."

சனிக்கிழமை விழாவில் மாஸ்டருக்கு மாலை போடுவது சிவன். கமிட்டியின் ஏற்பாடு. பழைய கிரவுண்ட்ஸ்மேன் என்ற முறையில்.

மறுமுனை நல்ல குரலில் பேச ஆரம்பித்தது. நல்ல குரல் என்றால், தப்பு செய்த மாணவியை மன்னித்துவிட்ட மாஸ்டரின் குரல். அவள் தலை தன்னாலே ஆடியது.

"ஆமா... ஆமா மாஸ்டர்... புரியுது... ரெண்டு பேருக்கும் நஷ்டமில்லாம... சரி, சொல்லுங்க. அப்பா பேரப் போடுவீங்களா? பலகையிலயே?... எப்படிப் போடுவீங்க... என்ன கோச்?"

மோகினி பின்னால் சொன்னது: டீச்சர் முகம் அந்த நிமிஷம்தான் மாறியது, அதுவரைக்கும் வெறும் கோபம்.

"அசிஸ்டென்டா?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்துகொண்டாள்.

"அசிஸ்டென்ட் கோச் சிவன். யாருக்கு அசிஸ்டென்ட்? கனடாவுல பனி அள்ளிக்கிட்டு இருந்தவருக்கா?... இல்ல, நீங்க இருங்க. நான் பேசி முடிக்கிறேன். நீங்க குடுத்த பாரத்த எங்க அப்பா எப்படிச் செலவு பண்ணார் தெரியுமா? தலகாணி உறைக்குள்ள வச்சிருந்தார். சின்னப் போட்டிக்கெல்லாம் எடுக்க மாட்டார். ஏன்னு ஒரு நாள் கேட்டேன். மாஸ்டர் கையெழுத்து இருக்கிற வரைக்கும் மாஸ்டர் இங்கதான் இருக்கார்னு அர்த்தம்மா, தீந்துட்டா அவர் வரமாட்டார்னு ஆயிடும்னார். கடைசிப் பாரத்த நான் எழுதி முடிச்சப்ப அவர் அழுதார், மாஸ்டர். நாப்பது வயசு ஆளு. அந்த வருஷம் ஃபைனல்ல தோத்தோம், அதுக்கு அழல. அதுக்கு அழுதார்."

ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள்.

"அந்தக் கையெழுத்த வச்சுக்கிட்டு அஞ்சு வருஷம் காத்திருந்தார். இப்ப இன்னொரு கையெழுத்துக்கு ஏழு மாசமா காத்திருக்கார். நீங்களும் அதையேதான் காட்டுறீங்க. கையெழுத்து மட்டும் போடணும்னு."

முடிவை எப்போது எடுத்தாள் என்று பின்னால் அம்மா கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை. அசிஸ்டென்ட் என்ற சொல் காதில் விழுந்தபோதா, ஏழு மாதம் என்று தன் வாயால் சொன்னபோதா. எப்படியோ, அடுத்து அவள் பேசியது யோசித்துப் பேசியதாக இல்லை. எப்போதோ முடிந்துபோன காரியத்தைத் தகவலாகச் சொல்வது போலிருந்தது.

"அந்த லெட்டர்ல கையெழுத்துப் போடாதீங்க... இல்ல, கோபத்துல சொல்லல. வேணாம். கிழிச்சுப் போட்டுருங்க... எங்க போவோமா? நசினுவுக்கு. வேல இருக்கு எனக்கு. வாடக வீடுதான். சேறுதான். தெரியும்... கட்டுரையா? அத நான் மாத்த மாட்டேன். மலர்ல போட வேணாம்னா போட வேணாம்... ஆமா. பலகையில உங்க இஷ்டம். அஞ்சு கப்பு, பத்துக் கப்பு, எது வேணா எழுதிக்குங்க. பசங்க மெடலுக்காக நான் வெளியில சொல்ல மாட்டேன், அந்தப் பயம் உங்களுக்கு வேணாம். ஆனா சனிக்கிழம உங்க கழுத்துல மால போட எங்க அப்பா வரமாட்டார்."

அங்கிருந்து கேள்வி ஒன்று வந்தது. சின்னக் கேள்வி. உதட்டைக் கடித்தாள்.

"...இல்ல. அவர்கிட்ட இன்னும் கேக்கல."

கேட்டால் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். முதலில் கத்துவார். பிறகு, உன்னை யார் கேட்கச் சொன்னது என்பார். அதன் பிறகு கொல்லையில் போய் நின்றுகொள்வார், அதுதான் தாங்காது. தன் வழியையும் சேர்த்து மகள் அடைத்துவிட்டாள் என்பதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார் என்பதும் தெரியும். சொல்லாமலே இருப்பார். வருஷக்கணக்கில் இருப்பார். அதில் அவருக்குப் பயிற்சி உண்டு.

"அது எனக்கும் அவருக்கும் உள்ளது. நீங்க அதுல வராதீங்க... இல்ல மாஸ்டர். பாப்பான்னு கூப்பிடாதீங்க... இல்ல... கேட்டேன், கேட்டாச்சு... நீங்க பேசுங்க, நான் வைக்கிறேன்."

வைத்துவிட்டாள். ரிசீவருக்குள் குரல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வைத்ததும் நின்றது.

தேவேந்திரா அவசரமாக முன்னால் வந்தார். மாஸ்டர் ஒத்துக்கொண்டாரா, எந்தப் பத்தியை எடுக்கச் சொன்னார், அச்சகத்துக்கு இன்றைக்கு மதியமே போக வேண்டும் என்று ஹிந்தியில் அடுக்கினார். ஒரு பத்தியும் எடுக்க வேண்டாம், முழுக் கட்டுரையையும் எடுத்துவிடுங்கள் என்றாள் அவள். வேலையை விடுவதாக ஒரு வரி எழுதித் தர ஒரு தாள் கேட்டாள். மோகினி மெஷினிலிருந்த தாளையே உருவிக் கொடுத்தாள். நின்றவாக்கில் எழுதி மேஜையில் வைத்தாள். வெள்ளிக்கிழமையோடு கடைசி.

என்ன டீச்சர் இப்படி, கொஞ்சம் உட்கார், தண்ணீர் குடி, மாஸ்டர் பெரிய மனுஷன், திரும்பக் கூப்பிடுவார் என்று தேவேந்திரா வாசற்படி வரைக்கும் கூடவே வந்தார். கூப்பிட்டார்தான் போலிருக்கிறது. அவள் மூன்றாவது படியில் இறங்கும்போது உள்ளே மணி அடித்தது. மோகினி எடுக்கட்டுமா என்று கேட்டாள்.

"எடு," என்றாள் ஷல்வினா, ஹிந்தியில். "நான் போயாச்சுன்னு சொல்லு."

மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போகாமல் குறுக்கே நடந்தாள். கேட்டுக்கு வெளியே இரண்டு கேரியர்கள் நிழலில் நின்றன. வீட்டில் கட்டிலைக் கழற்ற வேண்டும், தண்ணீர் டிரம் மூன்றையும் ஏற்ற வேண்டும், அம்மாவின் அம்மிக்கல்லை எடுத்துப் போவதா விட்டுப் போவதா என்று அதற்கு ஒரு சண்டை நடக்கும். ஊர் முழுக்கக் கேலரியில் உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்துப் போவதுதான் நல்லது. ரோடு காலியாக இருக்கும். முதல் கேரியரின் ஜன்னலைத் தட்டி, சனிக்கிழமை பத்து மணிக்கு நசினு வரைக்கும் வருவாயா என்று கேட்டாள்.